விடிய விடிய – 9: டிக்கெட்டும் தலைக்கட்டு வரியும்

ஏழாம் எட்வர்ட் ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான காலத்தில் லண்டன்காரனுக்குப் பொழுதுபோக்கு என்றால் மியூசிக் ஹால்தான். சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடியும், கையில் கூலி இருக்கும், டிக்கெட் வாங்கிப் பாட்டும் கோமாளித்தனமும் பார்க்கப் போவான். முதலாளிகள் பகல் காட்சிகளைக் கூட்டினார்கள், கூலியைக் கூட்டவில்லை. 1907 ஜனவரியில் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கைநிறையச் சம்பாதித்த நட்சத்திரம் மேரி லாயிட், சில்லறைக் கூலிக்காரர்களுக்காகத் தெருவில் இறங்கி நின்றது அப்போதுதான்.

அந்த நாளில் மதுரைப் பக்கம் பேரையூரில் சனிக்கிழமைக்குப் பெருமாள் கோயிலில்தான் மரியாதை. மானாவாரி வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகே ஓய்வு. பங்குனி, சித்திரையில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டினால் கூத்தோ நாடகமோ உண்டு. செலவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று. வரி கொடுத்த குடும்பத்துக்கும் பக்கத்து ஊர்க்காரனுக்கும் ஒரே தரைதான்.

டிக்கெட் இங்கேயும் வரத்தான் செய்தது. 1905-ல் திருச்சி ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். நாடகக் கம்பெனிகளும் கொட்டகை கட்டி வசூலித்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். ரயில் போகிற ஊர்களுக்குக் கம்பெனி போகும். ரயில் இல்லாத பேரையூர்க்காரர்கள் திருமங்கலத்துக்கு வண்டி பூட்ட வேண்டும்.

கம்பெனிகள் நொடித்தன, மிச்சத்தைச் சினிமா விழுங்கியது. நடிகர்கள் தனித்தனியே அட்வான்ஸ் வாங்கி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’ தங்கிவிட்டது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து, ஆர்மோனியக்காரர் மதுரையிலிருந்து. ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதுதான் ஒரே ஒப்பந்தம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்காரவைப்பார். நடுச்சாமத்துக்குப் பிறகு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். எதிராளி என்ன கேட்பார் என்று வள்ளி வேஷம் கட்டிய அம்மாளுக்கு முன்கூட்டித் தெரியாது. பதில் தடுமாறினால் முன்வரிசைக் கிழவிகள் விடமாட்டார்கள். வித்தை என்று நான் மதிப்பது இதைத்தான். சினிமாப் பாட்டு புகுந்து கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் விடியும்வரை உட்கார்ந்து பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

டிக்கெட்டை நம்பிய மியூசிக் ஹால், சினிமாவும் டிவியும் வந்ததும் படுத்துவிட்டது. ஸ்பெஷல் நாடகத்தைக் காப்பாற்றியது ரசனை மட்டுமல்ல, தலைக்கட்டு வரி. அம்மனுக்கு நேர்ந்ததை வசூல் கணக்குப் பார்த்து நிறுத்த முடியாது. ஆனாலும் திருவிழாக் காலம் முடிந்தால் இந்தக் கலைஞர்களுக்கு மேடை அபூர்வம். லண்டன்காரர்கள் 1907-ல் கேட்ட கூலிக் கேள்வியை இங்கே யாரிடம் கேட்பது? ஊர்ப் பொதுப்பணத்துக்கு முதலாளி இல்லையே.

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சாப்டூர் பக்கம் பரணில் பழைய நாடக நோட்டீஸ் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து இந்தத் தொடருக்கு அனுப்பிவையுங்கள்.

(தொடரும்)