ஒரு கணிப்பொறி எழுதியதை மற்றொரு கணிப்பொறி படித்தல்

கல்கத்தா நகரின் வடக்கே, பராநகரில் அமைந்துள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1955-56-ஆம் ஆண்டுகளில் ஹெச்.ஈ.சி.-2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி நிறுவப்பெற்றது. பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனி செய்தளித்த இந்த யந்திரமே இந்தியாவிற்கு வந்த முதல் இலக்கக் கணிப்பொறி என்பர். சில ஆண்டுகளில், ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப உதவியுடன், சோவியத் நாட்டிலிருந்து ‘உரால்’ என்னும் மற்றொரு கணிப்பொறியும் அங்கு வந்து சேர்ந்தது. பேராசிரியர் மஹலநோபிஸ் தலைமையில் தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களும் ஐந்தாண்டுத் திட்டக் கணக்குகளும் அலசப்பட்டுவந்த அவ்வளாகத்தில், இரண்டு யந்திரங்கள் ஒரே காலத்தில் இருந்தமை பெரும் பேறாகவே கருதத்தக்கது. ஆயினும் அவ்விரண்டும் ஒன்றன் எழுத்தை மற்றொன்று அறியாதவை.

ஆங்கிலேயர் யந்திரம் துளையிட்ட அட்டைகளைப் படித்தது. உரால் யந்திரமோ, திரைப்படச் சுருளைப் போன்ற பிலிம் நாடாவில் இடப்பட்ட துளைகளைப் படிக்குமாறு வகுக்கப்பட்டிருந்தது. அட்டையைச் சுருளின் வாயிலில் செலுத்த இயலாது. சுருளை அட்டையின் வாயிலிலும் செலுத்த இயலாது. துளைகளை எப்படியோ படித்துவிட்டதாகக் கொண்டாலும், உராலின் நினைவுருளையில் ஓர் எண்ணுக்கு 36 இருமக் குறிகள் என்ற ஒழுங்கு இருந்தது. வேறு ஒழுங்கில் எழுதிய எண்ணை அதன் உள்ளே அப்படியே வைத்தால் பொருள் மாறிவிடும். எண் ஒன்றே; எழுதிய பொருள் வேறு, வரிசை வேறு, குறியீடு வேறு.

இந்த மூன்று வேற்றுமைகளும் பின்னர் வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் வந்து சேர்ந்தன. பள்ளியின் பழைய அலமாரியில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் கிடக்கின்றன. கள அலுவலகம் ஒன்றில் விண்டோஸ் 98 இயங்கும் யந்திரத்தில் பத்து ஆண்டுகளின் மழைக் கணக்கு இருக்கிறது. புதிய யந்திரம் அதைக் காண மறுக்கிறது. மறுபடி அளந்து பெறக்கூடிய விவரமாயின் கவலையில்லை. சென்றுபோன ஆண்டுகளின் மழையை யார் மறுபடி அளப்பது? ஆதலின் இவ்விஷயத்தைக் களப்பணியாளரும் ஆசிரியரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

முதலில் தட்டு என்னும் பொருளையே எடுத்துக்கொள்ளலாம். 1984-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்துவதற்காக மத்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு யந்திரங்கள் அளிக்கப்பட்டன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனியின் படைப்பு அது. அதில் பயன்பட்ட ஐந்தேகால் அங்குலப் பிளாப்பித் தட்டு, அதே காலத்து ஐ.பி.எம். வகை யந்திரத்தின் தட்டைப் போலவே தோற்றமளிக்கும். ஒன்றை மற்றொன்றின் வாயில் இடுவதற்கும் தடையில்லை. ஆனால் படிக்க முடியாது. பி.பி.சி. யந்திரத்தில் வழக்கமாக இருந்த தட்டு முறை, ஒவ்வோர் இருமக் குறிக்கும் ஒரு காலத் துடிப்பைச் சேர்த்தே எழுதியது. ஐ.பி.எம். வகை யந்திரமோ, தேவையற்ற துடிப்புகளை விலக்கி, அதே நீளத்தில் இரு மடங்கு விவரத்தைப் பதித்தது. பின்னதன் கட்டுப்பாட்டுச் சில்லுகளில் பல, முன்னதன் எழுத்தை அறியவே மாட்டா. ஒரு பக்கத்தில் 40 தடங்கள், தடத்திற்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்டுகள் என்ற கணக்கில் பி.பி.சி. தட்டு கொள்ளக்கூடியது 1,02,400 பைட்டுகளே.

தட்டைப் படிக்கும் சாதனம் கிடைத்தபின் அடுத்த இடையூறு எழும். தட்டின்மீது கோப்புகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதே அது. கிராமக் கணக்கை நிர்வகித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒருவருடைய நிலம் ஒரே சர்வே எண்ணில் ஒரே துண்டாக இருக்கலாம். அல்லது ஊரெங்கும் பத்து எண்களில் சிதறியும் கிடக்கலாம். பி.பி.சி. தட்டு முதல் வகையைச் சார்ந்தது. கோப்பு ஒவ்வொன்றும் ஒரே துண்டாக இருத்தல் வேண்டும். தட்டின் முதல் இரண்டு பகுதிகளில் 31 பெயர்களுக்கு மட்டுமே இடம். பெயர் ஏழு எழுத்துக்கு மேற்படலாகாது. ஐ.பி.எம். வகை யந்திரங்களில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் டாஸ் முறை கொணர்ந்த ‘பேட்’ அட்டவணை இரண்டாம் வகை. அதில் ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு பதிவு உண்டு. அப்பதிவு, அக்கோப்பின் அடுத்த துண்டு எங்குள்ளது எனக் காட்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லலாம். கடைசித் துண்டில் ‘முடிந்தது’ என்னும் குறி இருக்கும். பட்டாவைப் படிக்கத் தெரியாதவன் வயலில் நின்றாலும் எவருடைய நிலம் என்று சொல்ல இயலாதது போலவே, அட்டவணை முறையை அறியாத இயக்கமுறை தட்டு முழுவதையும் படித்தும் ஒரு கோப்பையும் காணாது.

இந்த அட்டவணையும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 16 இருமக் குறிகளால் துண்டுகளை எண்ணிய பழைய வகையில் எண்ணக்கூடியவை ஏறக்குறைய 65,000 துண்டுகளே. துண்டு ஒன்று 32 கிலோபைட் என்று கொண்டால் 2 ஜிகாபைட்டுடன் எல்லை வந்துவிடும். 1996-ல் வெளிவந்த விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்பில் 32 குறிகள் கொண்ட புதிய வகை தோன்றியது. அதை முந்தைய டாஸும் அறியாது, விண்டோஸ் என்.டி. 4-உம் அறியாது. என்.டி. யந்திரங்களுக்கென 1993-ல் வந்த என்.டி.எப்.எஸ். என்னும் ஒழுங்கையோ விண்டோஸ் 98 அறியாது. ஒரே கம்பெனியின் இரு படைப்புகள் ஒன்றையொன்று அறியாதிருப்பது வியப்பாகத் தோன்றலாம். எனினும் பின்னால் வருவது முன்னதை அறிந்திருக்கும், முன்னது பின்னதை அறியாது என்பதே இத்துறையில் பெரும்பாலும் நிலவும் வழக்கம். ஆதலின் இரு யந்திரங்களுக்கு இடையே செல்லும் தட்டைப் பழைய யந்திரம் அறிந்த ஒழுங்கிலேயே அமைத்தல் வேண்டும். புதியதன் வசதியை முன்னிட்டு அமைத்தல் தவறு.

பெயர் நீளம் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. டாஸ் முறையில் பெயருக்கு எட்டு எழுத்தும் வகைக்கு மூன்று எழுத்துமே உண்டு. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தது. ஆனால் பழைய முறையைக் குலைக்கவில்லை. நீண்ட பெயரைப் பல சிறு பதிவுகளாக வெட்டி, டாஸ் பொருட்படுத்தாத ஒரு குறியை அவற்றின்மீது இட்டு, உண்மைப் பதிவின் அருகிலேயே மறைத்துவைத்தது. மிகச் சாமர்த்தியமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அத்தட்டிலிருந்து டாஸ் யந்திரத்தின் வழியே பிரதி எடுத்தால், மறைந்திருந்த பதிவுகள் உடன்வரா. முதல் ஆறு எழுத்தும் ஓர் அலைக்குறியும் ஓர் எண்ணும் மட்டுமே எஞ்சும். மாவட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்த அலுவலகத்தில் இதனால் விளையும் குழப்பத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தட்டையே நம்பாமல் கம்பி வழியாக அனுப்புவதும் உண்டு. யந்திரத்தின் பின்புறத்துத் தொடர்வழித் துளையில் கம்பி ஒன்றைக் குறுக்கு இணைப்பாகப் பூட்டி, எவ்வகை யந்திரத்திற்கும் கோப்பை அனுப்பலாம். அட்டவணை வேற்றுமை இங்கு குறுக்கிடாது. 1977-ல் சிக்காகோவில் வார்டு கிறிஸ்டென்சன் வகுத்த எக்ஸ்மோடம் முறையில், கோப்பு 128 பைட்டுகள் கொண்ட கட்டுகளாகப் பிரிக்கப்படும். அந்த 128 எண்களையும் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதியைக் கட்டின் இறுதியில் சேர்த்து அனுப்புவர். பெறும் யந்திரம் தானும் கூட்டிப் பார்க்கும். ஒத்தால் ஏற்கும், ஒவ்வாவிடில் மறுபடி கேட்கும். இரண்டு பைட்டுகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது இம்முறையின் குறை. வகுப்பில் மாணவரைக் கொண்டே இதைச் சோதித்துக் காட்டலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் தோன்றிய கெர்மிட் என்னும் முறை, பெருங்கணிப்பொறி முதல் வீட்டு யந்திரம் வரை பலவற்றுக்கும் பொதுவாய் அமைந்தது. வேகம் மட்டும் மிகக் குறைவு. வினாடிக்கு 9,600 குறிகள் செல்லும் கம்பியில், பைட்டு ஒன்றுக்கு 10 குறிகள் வீதம், 14,74,560 பைட்டுகள் கொண்ட மூன்றரை அங்குலத் தட்டு ஒன்றைக் கடத்த 1,536 வினாடிகள், அதாவது 25 நிமிஷத்திற்குச் சற்று மேல் ஆகும்.

வலையமைப்பு வந்தபின் வேகக்குறை நீங்கியது. வேறொரு தொல்லை புகுந்தது. விண்டோஸ் யந்திரங்கள் கோப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும் எஸ்.எம்.பி. என்னும் மொழிக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு எனப் பல நிலைகள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி வரையில் இருந்தவை முதற்பதிப்பை மட்டுமே பேசும். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நாசச் செயல்நிரல் அம்முதற்பதிப்பிலிருந்த பழுதின் வழியே உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-லிருந்து, புதிதாக நிறுவும் யந்திரங்களில் முதற்பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. எக்ஸ்பி யந்திரத்தின் கோப்புறை புதிய யந்திரத்தில் தோன்றாமைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். புதிய யந்திரத்தில் பழைய பதிப்பை மீண்டும் திறந்துவிடுமாறு சிலர் யோசனை கூறுவர். இணையத்தோடு பிணைந்த அலுவலக யந்திரத்தில் அவ்வாறு செய்தல் தகாது. பழைய சென்னையில் கம்பெனியாருக்கும் வணிகருக்கும் இடையே துபாஷி நின்றதைப் போல, இடையில் ஒரு யந்திரத்தை நிறுத்துவதே நன்று. லினக்ஸ் இயங்கும் சாதாரண யந்திரம் ஒன்றில் சாம்பா என்னும் செயல்நிரலை அமைத்தால், அது பழையதோடு பழைய பதிப்பிலும் புதியதோடு புதிய பதிப்பிலும் பேசும். வேலை நடக்கும் நேரம் மட்டும் அம்மூன்றையும் இணையத்திலிருந்து விலக்கிவைக்கலாம்.

கோப்பு வந்து சேர்ந்தும் படிக்க முடியாத நிலை ஒன்று எஞ்சியுள்ளது. எழுத்துகளுக்கு இடப்பட்ட எண்கள் ஒவ்வாமையே அது. வரி முடிவைக் குறிக்க டாஸ் 13, 10 என்னும் இரண்டு எண்களை இடும். யூனிக்ஸ் 10 மட்டும் இடும். பழைய மாக்கின்டாஷ் 13 மட்டும் இடும். கோப்புகளை அனுப்பும் எப்.டி.பி. முறையில் ‘உரை’ எனத் தெரிவு செய்தால் இவ்வேற்றுமையை அதுவே சீர்செய்துவிடும். ஆனால் அதே தெரிவில் படத்தையோ கணக்குத் தாளையோ அனுப்பினால், படத்தினுள் தற்செயலாக வந்த 10-ஐயும் வரிமுடிவென்று கருதி மாற்றி, கோப்பைப் பாழாக்கிவிடும்.

இந்திய மொழிகளில் இத்தொல்லை இன்னும் ஆழமானது. 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட இஸ்கி முறையில், எல்லா மொழிகளின் ககரத்திற்கும் 179 என்னும் ஒரே எண்தான். அது தமிழா வங்காளமா என்பதைத் தனிக் குறி ஒன்று உணர்த்தும். யூனிக்கோட் முறையில் வங்காளக் ககரத்திற்கு 2453-உம் தமிழ்க் ககரத்திற்கு 2965-உம் வகுக்கப்பட்டன. இரண்டுக்கும் வேற்றுமை 512. இஸ்கியின் வரிசையைத் தழுவி அட்டவணைகள் அருகருகே அமைந்ததால் இவ்வொழுங்கு ஏற்பட்டது. ஆதலின் இஸ்கிக் கோப்புகளை மாற்றுதல் எளிது. இதற்கு மாறாக, எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்த காலத்தில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகளை, அந்த எழுத்துருவின் பெயர் தெரிந்தாலன்றி மாற்ற இயலாது. 1999-ல் தமிழக அரசு டாப், டாம் என்னும் இரண்டு குறியீடுகளை ஏற்றபின் ஓரளவு ஒழுங்கு பிறந்தது. அதற்கு முன்னைய கோப்புகளோடு எழுத்துருக் கோப்பையும் தேடி எடுத்துவைத்தல் வேண்டும்.

பழைய தட்டைத் தொடுமுன் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். ஐந்தேகால் அங்குலத் தட்டின் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் அதன்மீது எதுவும் எழுத இயலாது. மூன்றரை அங்குலத் தட்டிலோ, மூலையிலுள்ள துளையைத் திறந்துவைத்தால்தான் அப்பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். வங்காளத்தையும் நமது கடற்கரையையும் போன்ற ஈரமான இடங்களில் தட்டின்மீது பூஞ்சணம் படர்ந்திருக்கக்கூடும். அதைத் துடைக்காமல் சுழற்றினால் அத்தட்டும் கெடும், படிக்கும் தலையும் அழுக்கேறி அடுத்த தட்டைக் கெடுக்கும். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பதற்கு முன் தட்டு முழுவதையும் பகுதி பகுதியாக அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு அப்பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும். பிளாப்பி சாதனமும் பழைய வன்தட்டை யு.எஸ்.பி. துளையில் பொருத்தும் இணைப்பானும் இன்றும் தேடினால் கிடைப்பவையே. கொல்கத்தாவில் சாந்தினி சௌக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். பிரதியுடன், எந்த யந்திரம், எந்த இயக்கமுறை, எந்த எழுத்துரு, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி, அத்தாளைத் தட்டின் உறையிலேயே வைத்துவிடுதல் நன்று.