கீசர்: ஆன்லைனில் வாங்குவதா, உள்ளூர்க் கடையிலா? விலையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

மார்கழி பிறக்க இன்னும் இரண்டு வாரம். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், நைனார்பாளையத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக மொபைலிலேயே ஒரு கீசரை ஆர்டர் செய்கிறார். நான்காம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. "பிளம்பர் வரட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று அப்பா அதை ஓரமாக வைக்கிறார். பிளம்பருக்குப் பக்கத்து ஊரில் புது வீட்டு வேலை. அவர் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது 12 நாள் ஓடிவிட்டது.

"ஐயா, அடிப்பக்கம் நசுங்கியிருக்கு. பைப் மாட்டுற இடமே வளைஞ்சிருக்கு. இதை மாட்ட முடியாது."

மகன் செயலியைத் திறந்து பார்க்கிறார். திருப்பி அனுப்பும் காலம் 10 நாளோடு முடிந்துவிட்டது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் யாருக்கும் நடக்கக்கூடியது. செல்போன் போல, பெட்டியைப் பிரித்ததும் பயன்படுத்தும் பொருள் அல்ல கீசர். சுவர், தண்ணீர், மின்சாரம், பொருத்துகிற ஆள் என நான்கும் சரியாக அமைந்தால்தான் அது வேலை செய்யும். அதனால்தான் 'ஆன்லைனா, கடையா?' என்ற கேள்விக்கு விலையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கள்ளக்குறிச்சி பகுதி பெரும்பாலும் கடினப் பாறை நிலம். பல வீடுகளில் போர் தண்ணீர்தான். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா, ஷவர் துளை அடைத்துக்கொள்கிறதா? அப்படியென்றால் அது கடின நீர். அதைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு உப்பு ஹீட்டர் காயில் மீது ஓடு போலப் படியும். தண்ணீர் சூடாக அதிக நேரம் எடுக்கும், கரன்ட் கூடுதலாகச் செலவாகும், கடைசியில் காயில் போய்விடும்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால், கிளாஸ் லைனிங் உள்ள டேங்க், மெக்னீசியம் ஆனோடு கம்பி போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாமா என்று முடிவெடுக்கலாம். அந்த ஆனோடு கம்பி, டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவது. ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் வருவாரா என்பதுதான் உண்மையான கேள்வி.

இன்னொன்று: உப்புப் படிவால் ஏற்படும் பழுதுக்கு வாரன்டி கிடையாது என்று பல நிறுவனங்களின் நிபந்தனையில் இருக்கும். '7 வருட வாரன்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் டேங்குக்கு மட்டும். காயிலுக்குத் தனி, மொத்தப் பொருளுக்குத் தனி. எங்கே வாங்கினாலும் மூன்றையும் பிரித்துப் படியுங்கள்.

விளம்பரத்தில் எது நமக்குத் தேவை?

'8 பார் அழுத்தம் தாங்கும்' என்பது ஆன்லைன் பக்கங்களில் அடிக்கடி தென்படும் வரி. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 1 பார். மாடியில் சின்டெக்ஸ் டேங்க் வைத்திருக்கும் ஊர் வீட்டில் அந்த 1 பார்கூட வராது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கும், பிரஷர் பம்ப் போட்ட வீட்டுக்கும்தான் இது முக்கியம்.

நட்சத்திரக் குறியீடும் அப்படித்தான். ஸ்டோரேஜ் கீசரில் அது குறிப்பது, சூடாக்கி வைத்த தண்ணீர் 24 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை. குளித்ததும் ஸ்விட்சை அணைத்துவிடும் வீட்டுக்கு இதனால் கிடைக்கும் லாபம் குறைவு. நாள் முழுக்கப் போட்டு வைக்கும் வீட்டுக்கு அதிகம்.

மின்செலவைக் கணக்கிடுவது எளிது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.6 யூனிட் வேண்டும். 2,000 வாட் கீசருக்கு ஏறக்குறைய 18 நிமிடம். நாளுக்கு மூன்று முறை என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 110 யூனிட். தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடும். அதனால் தேவைக்கு மேல் பெரிய டேங்க் வேண்டாம்.

விலை வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

ஆன்லைனில் 6,500 ரூபாய், சின்னசேலம் கடையில் 7,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய் லாபம் போலத் தெரியும். இப்போது பொருத்தும் கூலி, இரண்டு கனெக்‌ஷன் பைப், தேவைப்பட்டால் 16 ஆம்பியர் சாக்கெட் ஆகியவற்றைச் சேருங்கள். சாக்கெட் செலவு எங்கே வாங்கினாலும் உண்டு. கூலியும் பைப்பும் கடை விலையில் சேர்த்தியா என்று கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் ஆன்லைனில் வாங்கினாலும் இலவசமாகப் பொருத்தித் தருகின்றன. ஆனால், அது உங்கள் பின்கோடுக்கும் பொருந்துமா?

ஆர்டர் போடுவதற்கு முன்பே நிறுவனத்தின் இலவச எண்ணுக்கு அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பின்கோடுக்கு ஆள் வருவார்களா? எத்தனை நாளில்? பயணக் கட்டணம் தனியா? பதில் தெளிவாக இல்லையென்றால், அந்த 800 ரூபாயைக் கடைக்காரருக்குக் கொடுப்பதே மலிவு.

ஆன்லைன் என்றால்

பிளம்பருக்காகக் காத்திருக்காமல் பெட்டி வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். அப்பா அம்மாதான் வாங்குகிறார்கள் என்றால், பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சீரியல் எண் பில்லில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா? ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். பொருளை விற்பவர் யார், திருப்பி அனுப்பினால் பணம் வருமா அல்லது மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதை ஆர்டருக்கு முன்பே பாருங்கள்.

உள்ளூர்க் கடை என்றால்

கடைக்காரரின் பலம், அவர் முகம் தெரிந்தவர் என்பது. "அண்ணே, தண்ணி சூடாகல" என்று நேரில் போய் நிற்கலாம். ஆனால், அந்த நம்பிக்கையில்தான் ஒரு சறுக்கலும் இருக்கிறது. "பில் வேணாம்னா 500 ரூபா குறைச்சுக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லையென்றால் வாரன்டி கேட்பதும் கஷ்டம், புகார் கொடுப்பதும் கஷ்டம். சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில், தேதியும் கடை முத்திரையும் உள்ள வாரன்டி கார்டு, தயாரித்த மாதம் – மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆன்லைன் விலையைக் காட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பல கடைகள் கொஞ்சம் இறங்கி வரும், அல்லது பொருத்தும் கூலியை விட்டுக்கொடுக்கும்.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். கசியும் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். ஈரக் கையோடு நிற்கும் அம்மாவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கீசரின் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது அழுத்தத்தை வெளியேற்றுவதற்காகவும் இருக்கலாம். அதை அடைத்துவிட்டால் டேங்க் வெடிக்கும் ஆபத்து உண்டு. கேஸ் கீசர் என்றால் அதை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஹாட் டப் ஆசை இருந்தால்?

கல்வராயன் மலைப் பக்கம் தங்கும் விடுதி நடத்தலாம் என்று நினைப்பவர்கள் ஆன்லைனில் காற்றடைத்த ஹாட் டப்களையும் பார்க்கிறார்கள். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். 2 மீட்டர் விட்டமுள்ள தொட்டி என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் அழுத்தும், ஆட்கள் எடை தனி. வீட்டுத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. இன்ஜினீயரைக் கேட்காமல் மொட்டை மாடியில் வைக்கக் கூடாது. 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குச் சூடாக்க மட்டும் சுமார் 15 யூனிட் ஆகும். இடத்தை நேரில் வந்து பார்த்துச் சொல்லும் டீலர் இல்லாமல் இதை வாங்கவே வேண்டாம்.

பிரச்சினை வந்தால்?

தொடக்கத்தில் பார்த்த மகனுக்கு வழி அடைந்துவிடவில்லை. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். ஆனால், பொருள் வரும்போதே நசுங்கியிருந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும். அந்த வீடியோ கைகொடுப்பது இங்கேதான்.

அதிலும் நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆக, எது சரி?

வாங்குபவர் அதே வீட்டில் இருந்து, நம்பகமான எலக்ட்ரீஷியன் கைவசம் இருந்து, நிறுவனத்தின் சர்வீஸ் அந்தப் பின்கோடுக்கு வருமென்றால், ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். ஊரில் வயதான பெற்றோர் மட்டும்தான் என்றால் உள்ளூர்க் கடையே மேல். மகன் பெங்களூருவிலிருந்தே கடைக்காரருக்கு ஜிபே செய்யலாம். மாட்டி முடித்து, தண்ணீர் சூடாக வருவதை அம்மா பார்த்துச் சொன்ன பிறகு மீதிப் பணத்தை அனுப்பினால் போதும்.