விருந்தாய் வந்து வீட்டாரானது

கரும்பலகையில் ஒரு கலத்தை வரைவது எனக்குக் கைவந்த வேலை. புறத்தே மென்சவ்வு, நடுவிலே கரு, அருகே அகமுதலுருச் சிறுவலை, அப்பால் கொல்கிச் சிக்கல், ஆங்காங்கே நீள்வட்டமாய் இழைமணிகள். "கலம் ஒரு தொழிற்சாலை, இழைமணி அதன் மின்னிலையம்" என்று ஆண்டுதோறும் ஒரே வாக்கியத்தை உரைத்து வந்தேன்.

ஒரு நாள் மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, டி.என்.ஏ. கருவில் இருக்கிறதே; இழைமணிக்குத் தனியாக ஒன்று எதற்கு?" என்று வினவினாள். "அதன் அமைப்பு அப்படி" என்று கூறி அமர்த்திவிட்டேன். அன்றிரவு அவ்விடை என்னையே உறுத்தியது. நூல்களைப் புரட்டலானேன்.

இழைமணி என்னும் பெயர் நம்மவர் கற்பனையன்று. 1898இல் ஜேர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா, இழை, மணி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து மைற்றோகொன்றியன் என்றார். அதனை அப்படியே தமிழாக்கினர். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1890இல், றிச்சாட் அல்ற்மன் என்பார் இவை கலத்தினுள் வாழும் தனியுயிர்கள் என எழுதியிருந்தார். அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை.

1963இல் மார்கிற் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் இழைமணியினுள் டி.என்.ஏ. இழைகளைக் கண்டனர். 1967இல் அமெரிக்கப் பெண் அறிஞர் லின் மார்குலிஸ், பல சஞ்சிகைகள் திருப்பியனுப்பிய தமது கட்டுரையை ஒருவாறு வெளியிட்டார். இழைமணியின் மூதாதை சுதந்திரமாய் வாழ்ந்த ஒரு பற்றீரியா. வேறொரு கலத்தினுள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது என்பதே அதன் சாரம்.

சான்றுகள் பல. இழைமணிக்கு இரு மென்சவ்வுகள் உள. அதன் டி.என்.ஏ. பற்றீரியாவினுடையதைப் போல வட்டமானது. புரதந் தொகுக்கும் இறைபோசோம்களும் அதற்குச் சொந்தம். கலம் அதனைப் புதிதாய் ஆக்குவதில்லை. இருக்கும் இழைமணி பிரிந்தே இன்னொன்று தோன்றுகிறது.

அது செலுத்தும் வாடகையோ பெரிது. அதன் உட்சவ்வு மடிப்பு மடிப்பாய் அமைந்துள்ளது. உணவிலிருந்து பெற்ற இலத்திரன்கள் அச்சவ்விலே கைமாறிக் கைமாறி, ஈற்றில் ஒட்சிசனைச் சேர்கின்றன. அவ்வழியில் விடுபடும் சக்தியைக் கொண்டு ஏ.ரி.பி. ஆக்கப்படுகிறது. நாம் விடும் மூச்சின் பொருள் இதுவே.

இன்று அது வெளியேறவும் இயலாது. 1981இல் கேம்பிறிட்ஜில் மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதும் வாசிக்கப்பட்டபோது, 16,569 மூலச்சோடிகளில் 37 பரம்பரையலகுகளே எஞ்சியிருந்தன. பழைய உடைமைகளிற் பெரும்பாலானவை தொலைந்தன. பல கருவின் பொறுப்பிற்குப் போய்விட்டன. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவில் விருந்தினர் யார், வீட்டார் யார் என்று பிரித்துரைத்தல் அரிது. உயிர்வாழ்க்கை போராட்டத்தால் வளர்ந்ததென்று கற்பித்த நான், சேர்ந்து வாழ்தலாலும் அது வளர்ந்ததென்பதைச் சொல்லாது விட்டிருந்தேன்.

மறுநாள் வகுப்பிலே, என் விடை விடையன்று என்பதை ஒப்புக்கொண்டேன். பின்னர் கலத்தை மீண்டும் வரைந்தேன். இழைமணிகளை மட்டும் வேறு நிறக் கட்டியால் தீட்டினேன். ஏனென்று எவரும் கேட்கவில்லை. அந்த மாணவி மட்டும் புன்னகைத்தாள்.