முகம் மாறினால் மனம் ஏற்குமா?

மாலைச் செபம் முடிந்து, இரவு உணவும் முடிந்து, குடும்பத்தார் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்கின்றனர். பல மாதங்களாகத் தொடர்ந்து பார்த்துவந்த கதை தொடங்குகிறது. பெயர் அதே பெயர்; உடை அதே உடை. ஆனால் கதாநாயகனின் முகம் மட்டும் வேறு! "இவர் யார்? பழையவர் எங்கே?" என்று பாட்டி கேட்கிறார். "இவர் அவரைப்போல் இல்லையே!" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். சிலர் எழுந்தே போய்விடுகின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். மனித மனத்தின் இயல்பு ஒன்று இதில் வெளிப்படுகின்றது. அதிலும், வரலாற்று மாந்தரைச் சித்தரிக்கும் தொடராயின் இந்த ஏமாற்றம் இன்னும் மிகுதி. என்றோ வாழ்ந்து மறைந்த ஒருவரை நாம் நேரில் கண்டதில்லை. ஆதலால் நடிகரின் முகமே அவருடைய முகமாக நம் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது.

மாற்றத்தின் காரணம் விளங்கினால் மனம் ஓரளவு அமைதி கொள்கிறது. இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் வாழ்வைக் கூறும் 'த கிரவுன்' என்னும் தொடரில், 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பகுதிகளில் கிளேர் ஃபோய் அரசியாக நடித்தார். 2019, 2020 ஆம் ஆண்டுகளில் ஒலிவியா கோல்மனும், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இமெல்டா ஸ்டான்டனும் அவ்விடத்திற்கு வந்தனர். கதையில் அரசிக்கு வயது ஏற ஏற, நடிகையரும் மாறினர். மூவரில் யார் சிறந்தவர் என்ற வாதம் எழுந்ததே தவிர, மனக்கசப்புப் பெரிதாக எழவில்லை. ஆனால் நோயும் சாவும் குறுக்கிட்டு ஒரு முகத்தை மாற்றும்போது நிலைமை வேறு.

அடிமையின் கதை

கிறிஸ்துவுக்கு முன் 73 ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுக் காப்புவா நகரில், அடிமைகளை வாட்போருக்குப் பழக்கிய கூடம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 70 பேர் தப்பியோடினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவருள் முதன்மையானவர் ஸ்பார்ட்டக்கஸ். பல்லாயிரம் அடிமைகள் அவரோடு சேர்ந்தனர். உரோமைப் படைகள் பலமுறை தோற்றன. கி.மு. 71 இல் கிராஸுஸ் என்னும் தளபதி அக்கிளர்ச்சியை ஒடுக்கினார். ஸ்பார்ட்டக்கஸ் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய உடல் கண்டெடுக்கப்படவில்லை என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிடிபட்ட 6,000 பேர் காப்புவாவிலிருந்து உரோமை வரை சாலையோரமாகச் சிலுவைகளில் அறையப்பட்டனர். நம் ஆண்டவர் பின்னாளில் ஏற்ற சாவும் அடிமைகளுக்குரிய அதே சாவுதான்.

இவ்வரலாற்றைத் தழுவி அமெரிக்காவின் ஸ்டார்ஸ் தொலைக்காட்சி 2010 ஆம் ஆண்டு சனவரியில் ஒரு தொடரைத் தொடங்கிற்று. பெற்றோருக்கு ஒரு சொல்: குருதி வெள்ளமும் ஆபாசமும் மலிந்த அத்தொடர் குடும்பமாக அமர்ந்து பார்க்கத் தக்கதன்று. அதனைப் பார்க்கும்படி நாம் பரிந்துரைக்கவில்லை. ஆயினும், அத்தொடருக்குப் பின்னால் நடந்தேறிய ஓர் உண்மை வாழ்க்கை நம் சிந்தனைக்கு உரியது.

பாதியில் வந்த நோய்

ஸ்பார்ட்டக்கஸாக நடித்தவர் ஆண்டி விட்ஃபீல்ட். 1971 இல் வேல்ஸ் நாட்டில் பிறந்து, பொறியியல் பயின்று, ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். 2007 இல் ஒரு திரைப்படத்தில் அதிதூதர் கபிரியேலாக நடித்திருந்தார். எனினும் உலகோர் அவரை அறிந்தது ஸ்பார்ட்டக்கஸாகவே. தொடரின் முதற் பகுதி பெரும் வரவேற்பைப் பெற்றது. புகழின் வாயில் திறந்த அதே வேளையில், 2010 மார்ச்சில், நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் புற்றுநோய் அவரைப் பற்றியிருப்பது தெரியவந்தது.

தொடரை உருவாக்கியோர் உடனே வேறொருவரைத் தேடி ஓடவில்லை. அவர் குணமடைந்து வரட்டும் என்று காத்திருந்தனர். அந்த இடைவெளியை நிரப்ப, முன்கதை ஒன்றை ஆறு பகுதிகளாகத் தயாரித்தனர். அவ்வாண்டு சூன் மாதத்தில், நோய் நீங்கிற்று என்ற நற்செய்தி வந்தது. செப்டம்பரில், நோய் மீண்டும் வந்துவிட்டது என்ற துயரச் செய்தி வந்தது. விட்ஃபீல்ட் விலகினார். தமக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டு தொடரை நடத்துமாறு அவரே மனமுவந்து இசைவளித்தார்.

2011 சனவரியில், லியாம் மக்கின்டயர் என்னும் ஆஸ்திரேலிய நடிகர் அவ்விடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 11 ஆம் நாள், சிட்னி நகரில், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு விட்ஃபீல்ட் இறந்தார். அவருக்கு வயது 39. அதற்குப்பின் ஐந்து மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2012 சனவரியில், புதிய முகத்தோடு தொடர் மீண்டும் வந்தது.

பார்த்தோர் என்ன சொன்னார்கள்?

சிலர், "அவர் இல்லாமல் இனி இதனைப் பார்க்கமாட்டோம்" என்று விலகினர். சிலர் பார்த்தனர், ஆனால் புதியவரின் குரலையும் நடையையும் பார்வையையும் பழையவரோடு ஒப்பிட்டுக் குறை கண்டுகொண்டே இருந்தனர். வேறு சிலரோ, "இறந்தவரே இசைந்திருக்க, மறுப்பதற்கு நாம் யார்?" என்று பொறுமையோடு தொடர்ந்தனர். பகுதிகள் செல்லச் செல்ல, முதலில் முகம் சுளித்தவர்களிலும் பலர் புதியவரை ஏற்றுக்கொண்டனர். பழையவரை அவர்கள் மறந்துவிடவும் இல்லை. விட்ஃபீல்டின் நோய்க்காலத்தைக் கூறும் ஆவணப்படத்தை முடிப்பதற்கு இரசிகர்கள் நன்கொடை திரட்டித் தந்தனர். 2015 இல் அப்படம் திரையிடப்பட்டது.

2013 ஏப்ரலில் தொடர் நிறைவுற்றபோது, நடித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின. இறுதியாகத் தோன்றிய முகம் விட்ஃபீல்டின் முகம். கதையை முடித்து வைத்தவர் மக்கின்டயர். கடைசி வணக்கமோ தொடங்கி வைத்தவருக்கு. எவ்வளவு நேர்த்தியான நன்றிக்கடன்!

எலிசேயுவின் பொறுமை

வேதாகமத்திலும் இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. இறைவாக்கினர் எலியாஸ் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார். அவருடைய மேலாடை எலிசேயுவின் கைக்கு வந்தது. எரிக்கோவில் இருந்த சீடர்கள் எலிசேயுவை வணங்கி ஏற்றனர். ஆயினும் அவர்களின் மனம் ஆறவில்லை. ஐம்பது பேரை அனுப்பி எலியாஸைத் தேடவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினர். முதலில் தடுத்த எலிசேயு, பின்பு இசைந்தார். அவர்கள் மூன்று நாள் தேடியும் காணாமல் திரும்பினர். தம்மை விட்டுப் பழையவரைத் தேடிச் சென்றவர்களை அவர் தம் பகைவராக எண்ணவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே தங்கியிருந்தார்.

அன்பர்களே, இந்தத் தேடல் நம் வீட்டிலும் பங்கிலும் நடைபெறுகின்றதன்றோ? பல ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்த பங்குக்குரு மாற்றலாகிச் செல்கிறார்; புதியவர் வருகிறார். முதல் ஞாயிற்றுக்கிழமையே, "பழைய சாமியின் பிரசங்கம்போல் வருமா?" என்று கோயில் வாசலில் பேச்சு எழுகிறது. தாயை இழந்த வீட்டிற்கு இரண்டாந்தாரமாக ஒருத்தி வருகிறாள். அவள் வைக்கும் குழம்பில்கூட இறந்தவளின் கைப்பக்குவத்தைத் தேடுகிறோம். கொரிந்து நகர்க் கிறிஸ்தவர்கள் சின்னப்பர் கட்சி, அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து நின்றபோது, புனித சின்னப்பர் அவர்களைக் கண்டித்ததை நினைவிற் கொள்வோம்.

சென்றவரைத் தேடுவது குற்றமன்று. அது நன்றியின் மறுவடிவம். ஆனால் அந்த நன்றி, வந்தவரின் நெஞ்சில் தைக்கும் முள்ளாக மாறலாகாது. வந்தவர் சென்றவரின் இடத்தைப் பறித்துக்கொண்டவர் அல்லர். அவர் விட்டுச்சென்ற பணியைச் சுமக்க வந்தவர். நோய்ப்படுக்கையிலிருந்த ஒரு நடிகர், தம் பெயரும் புகழும் பிறருக்குச் செல்வதைப் பொறாமையின்றி வாழ்த்தினார். அவரால் இயன்றது நம்மால் இயலாதா?

அடுத்த முறை புதிய முகம் ஒன்று நம் பீடத்தருகே நின்றாலும், நம் அடுப்படியில் நின்றாலும், குறை காணுமுன் மூன்று நாளாவது பொறுத்திருப்போம். சென்றவருக்காக ஒரு செபமும், வந்தவருக்காக ஒரு செபமும் சொல்வோம். இரண்டுக்கும் இடமளிக்கும் அளவுக்கு நம் உள்ளங்களை ஆண்டவர் விரிவாக்குவாராக!