கட்-ஆஃப் பட்டியலைக் காதால் படிப்பது

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் என் பழைய மாணவர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள். "சார், 187.5 வெச்சிருக்கேன், எந்த காலேஜ் கிடைக்கும்?" எனக்குப் பார்வை கிடையாது. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் படித்துச் சொல்ல, சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியலில் நானே தேடுவேன். அட்டவணையை ஒழுங்காகப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

இடப்பக்கம் கல்லூரி, அடுத்துப் பாடப்பிரிவு, பிறகு சமூகப் பிரிவு வாரியாக ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி. என்று எஸ்.டி. வரை. கண் உள்ளவர்கள் மேலேயும் பக்கவாட்டிலும் ஒரு பார்வை பார்த்தால் போதும். நான் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். ஒரு தளத்தில் எனக்குக் கேட்டது: "நெடுவரிசை 6, 187.5." அவ்வளவுதான். எந்தப் பிரிவினருக்கான எண் இது? தலைப்பைத் தேடி நாற்பது வரிசை மேலே ஏறி இறங்குவதற்குள் எண் நினைவில் நிற்காது.

அந்தத் தளத்தில் தலைப்பு இல்லாமல் இல்லை. நீலப் பின்னணியில் கொட்டை எழுத்தில் இருப்பதாகப் பக்கத்திலிருந்த மாணவி சொன்னாள். தடிப்பும் நிறமும் கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. நிரலில் அதுவும் 'டி.டி.' என்ற சாதாரணக் கட்டம்தான். அதையும் பாடப்பிரிவின் பெயரையும் 'டி.எச்.' என்று மாற்றி, நெடுவரிசைக்கா கிடைவரிசைக்கா என்பதை 'ஸ்கோப்' மூலம் குறித்துவிட்டால், வலப்பக்கம் நகரும்போது "எம்.பி.சி., 187.5" என்று கேட்கும், கீழே இறங்கினால் பாடப்பிரிவின் பெயர் கேட்கும். 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4இலேயே இந்த வசதி உண்டு. இன்று பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தது! இன்னும் செய்யாமலிருப்பதற்கு எந்தக் காரணமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கல்லூரியின் பெயரைப் பத்துப் பாடப்பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே கட்டமாக இணைப்பது அடுத்த தொல்லை. எட்டாவது பாடப்பிரிவில் நிற்கும்போது கல்லூரி எதுவென்று பல சமயம் தெரியாது. ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய தலைப்புகளோடு பிணைக்க 'ஹெடர்ஸ்' என்ற வழி இருக்கிறது. ஆனால் கல்லூரிக்கு ஒரு சிறு அட்டவணையாகப் பிரித்து, பெயரைக் 'கேப்ஷன்' ஆகக் கொடுப்பதையே நான் கேட்பேன். செல்போனில் பார்க்கும் பெற்றோருக்கும் அதுதான் வசதி. ஸ்கேன் செய்த படமாகப் போட்டுவிட்டாலோ, கட்டம் என்று ஒன்றே எனக்கு இல்லை.

தளம் செய்பவர்கள் என்.வி.டி.ஏ.வை இறக்கிக்கொள்ளுங்கள். திரையை அணைத்துவிட்டு 'டி' (T) விசையை அழுத்தினால் அட்டவணைக்குப் போய்விடும். அங்கிருந்து அம்புக்குறியோடு நடுவே போய், நிற்பது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று சொல்லிப் பாருங்கள்.