ஒரு மாலைக்கு யார் விலை கொடுப்பது?

இங்கிலாந்தின் சிறு புத்தகக் கடைகளில் துப்பறியும் நாவலாசிரியர்கள் மாலை வேளைகளில் வாசகர்களைச் சந்திப்பது வழக்கம். இடமும் விளக்கும் ஊழியரின் கூடுதல் நேரமும் கடையின் செலவு. அதை ஈடுசெய்வது, கூட்டம் முடிந்து விற்கும் பிரதிகளே.

அங்கு உரையைக் கேட்டுவிட்டு, அதே நாவலை இணையத்தில் மலிவாக வாங்குபவரும் உண்டு. நான் கற்பித்த பொருளியல் அவரை ‘இலவசப் பயணி’ என்கிறது. அத்தகையோர் பெருகினால் அந்தக் கூட்டமே நடவாது.

பதிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே விற்பதைத் தடுத்த உடன்படிக்கை ஒன்று பிரிட்டனில் 1900 முதல் நடைமுறையில் இருந்தது. 1995-இல் அது சிதைந்தது. 1997-இல் நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது. நன்கு விற்கும் நூல்களையே பேரங்காடிகள் தள்ளுபடியில் அடுக்கின. மெதுவாக விற்கும் கவிதை நூல்களையும் வரலாற்று நூல்களையும் தாங்கிவந்த வருவாய், சிறு கடைகளின் கைநழுவியது.

பிரான்ஸ் எதிர்வழியில் சென்றது. அங்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நூலுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தரலாகாது. பிரிட்டனின் கடைகள் பலவும் இன்று நூலின் விலையைச் சேர்த்தே நுழைவுச்சீட்டை விற்கின்றன. இலவசப் பயணிக்கு அது ஒரு தடை.

நிலையான விலையால் வாசகர் சற்றுக் கூடுதலாகச் செலவிடுகிறார் என்பது உண்மையே. ஆயினும் பிரான்சின் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது. தள்ளுபடியின் லாபம் உடனே கணக்கில் தெரிகிறது. ஊரில் கடை மூடப்படும் இழப்போ எந்த ரசீதிலும் வருவதில்லை.