வைரஸுக்குக் கொடி அறுப்பவர் யார்?

பாக்டீரியாவுக்கு இத்தனை மருந்து இருக்கும்போது வைரஸுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். மருந்து தாக்குவதற்கு வைரஸிடம் சொந்தப் பொருள் அதிகம் இல்லை என்பதே காரணம். எச்.ஐ.வி.யிடம் இருப்பவை 9 மரபணுக்கள். மீதிக் காரியமெல்லாம் நம் செல்லின் புரதங்களை வைத்தே நடக்கிறது.

எனக்கு வியப்புத் தீராதது, அது வெளியேறும் விதம். செல்லுக்குள் உருவான வைரஸ், செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியே புடைக்கும். என் பாட்டி ஊருக்கே மருத்துவச்சி. கொடியை அறுக்கிற வரை பிரசவம் முடியவில்லை என்பார். வைரஸுக்கும் அதே நிலைதான். செல்லோடு அதைப் பிணைக்கும் மெல்லிய கழுத்தை அறுக்கும் கருவி அதனிடம் இல்லை. நம் செல்லில் சவ்வை அறுப்பதற்கென்றே 'எஸ்கார்ட்' என்ற புரதக் கூட்டம் உண்டு. செல் இரண்டாகும்போது கடைசி இழையைத் துண்டிப்பதும் அதுவே. அதில் ஒன்றான டி.எஸ்.ஜி.101, நம் புரதங்களில் உள்ள 4 அமினோ அமில வரிசை ஒன்றைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய அதே வரிசை வைரஸின் 'காக்' என்ற புரதத்திலும் இருக்கிறது! டி.எஸ்.ஜி.101 ஏமாந்து ஒட்ட, பின்னாலேயே அறுக்கும் புரதங்களும் வந்துவிடுகின்றன. டி.எஸ்.ஜி.101-ஐக் குறைத்துவிட்டால் வைரஸ்கள் செல்லின்மேல் அறுபடாமலே தொங்குகின்றன என்பதை 2001-இல் கண்டார்கள்.

அதைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் நம் செல்லுக்கும் அது வேண்டும். வைரஸுக்கு இன்றியமையாததாகவும், நமக்கு இல்லாவிட்டாலும் பெரிய பாதகமில்லாததாகவும் ஒரு புரதம் கிடைக்க வேண்டும். வைரஸ் நுழையும் இடத்தில் அப்படி ஒன்று அகப்பட்டது: சி.சி.ஆர்.5. வட ஐரோப்பிய வம்சத்தாரில் சுமார் 100-க்கு ஒருவருக்கு அது பிறவியிலேயே வேலை செய்வதில்லை, அவர்களை எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதுமில்லை. அதை அடைக்கும் மராவிராக் என்ற மருந்து 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில வைரஸ்கள் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு புரதத்தின் வழியாகவும் நுழைவதால் எல்லாருக்கும் அது உதவாது.

பெரும்பாலான எச்.ஐ.வி. மருந்துகள் இன்றும் வைரஸின் சொந்த நொதிகளைத்தான் தாக்குகின்றன. நம் புரதத்தை வைரஸால் மாற்ற முடியாது. ஆனால் தன் நொதியை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பிக்க முடியும். விட்டுவிட்டு மாத்திரை சாப்பிடுவது அதற்கு வழிவிடுவதாகும். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அரசின் ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் 2004 முதல் இந்த மருந்துகள் இலவசம். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது சாப்பிடுகிறார்கள் என்றால், வெட்கமோ பயமோ இல்லாமல் தினமும் போட்டுக்கொள்ளத் துணை நில்லுங்கள்.